மூன்றாம் காட்சிக்கு ஒரு திருத்தம்

தம்பி,

உன் அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு நாளாக நான் பயந்துபோயிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலையில், நம் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே, விசாரிக்க வந்த ஓர் ஆளிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். பொன்னேரியில் நீங்கள் போடப்போகிற நாடகத்தை எழுதியது நீதான் என்று சொல்லிவிட்டேன். இதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை நீ வரத்தானே போகிறாய், நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து, அடுத்தவர் சொன்னதை எழுதியே பழகியவன் நான். வாயைவிடக் கை எனக்குக் கொஞ்சம் யோக்கியமாக நடக்கும். எழுத்து வழக்கத்தைவிட அழுத்தமாக இருப்பதைப் பார்த்திருப்பாய். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் விரலில் தட்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

வந்தவன் காக்கியில் வரவில்லை. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் ஒரு குடை. கவரைப்பேட்டை ரயிலடியிலிருந்து வெயிலில் நடந்து வந்தவன்போல வேர்த்திருந்தான். "ஐயா, குடிக்க கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றான். அதைக் கேட்டதுமே இவன் போலீஸ் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் விவரம் எடுக்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் கேள், அப்புறம் ஊர்க்கதை பேசு, கேட்க வேண்டியதைக் கடைசியில் கேள் என்று புதிதாக வந்த கான்ஸ்டபிள்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இவன் யாரிடம் கற்றானோ தெரியாது, பாடம் மட்டும் என்னுடைய பாடம். உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா? தண்ணீர் கேட்டவனுக்கு மோரே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். "எம் புள்ள மெட்ராஸ் காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுக்கறான். ஞாயித்துக்கெழம ஆனா போதும், பொன்னேரிக்குப் போய்க்கினு ஒரே டிராமா ஒத்திகை. நாஷ்டா துன்னக்கூட நேரம் இல்ல அவனுக்கு." அவன் மோரைக் குடித்தபடியே, "அப்டீங்களா, டிராமால்லாம் போடறாரா தம்பி?" என்று முதல் தடவையாகக் கேட்பவன்போலக் கேட்டான். நான் ஏதோ தீயும் வாசனை வருகிறது, அடுப்பைப் போய்ப் பார் என்று அவளை உள்ளே அனுப்பினேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. அதற்காக இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் உள்ளே போனதும் அவன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். "நீங்க டிபார்ட்மென்ட்ல இருந்தவரு, உங்களாண்ட மூடி மறைக்க இன்னா கீது. பர்மிஷனுக்குக் குடுத்த புஸ்தகத்துல எழுதினவரு பேரு இல்ல. நாடக மன்றம்னு மட்டும் போட்டுக்கீது. சர்க்காரை ரொம்பத் தாக்கி எழுதிக்கீறாங்கன்னு மேல சொல்றாங்க. ரெண்டு பேரு பேரு அடிபடுது. ஒண்ணு உங்க புள்ள. இன்னொருத்தரு பழவேற்காட்டுல கருவாட்டுக் கட வச்சிக்கீறாரே, அவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா எனக்கு வேல முடிஞ்சிடும். ரெண்டு பேர்ல யாருங்க?"

ரெண்டு பேர்ல யாருங்க. இதே கேள்வியை இதே மாதிரி மரியாதையாக, இதற்கு முன்பும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது நான் சொன்ன பதில் இத்தனை வருஷமும் எங்கேயும் போய்விடவில்லை. செவ்வாய்க்கிழமையும் அது தானாகவே என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய். நானும் இந்தக் கடிதத்தை எழுதாமல் மத்தியானம் படுத்துத் தூங்கியிருப்பேன். "எம் புள்ளதான் எழுதினான்" என்றேன். அவனுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க ஐயா. புள்ளைக்கி வேல நெரந்தரம் ஆவற நேரம்" என்றான். "ரோசன பண்ணித்தான் சொல்றேன். எம் புள்ள எழுத்து எனக்குத் தெரியாதா" என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான், பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினான், மிச்ச மோரைக் குடித்தான், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். போன மாதம்தான் நீ சொன்னாய், அடுத்த கோடைக்குள் உன்னை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்துவிடும் என்று. உன் பிரின்ஸிபால் உன்னை அறைக்குக் கூப்பிட்டு, 'நாடகம் எல்லாம் உத்தரவு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே' என்று தோளில் தட்டிச் சொன்னார் என்று. அப்போது நானும் அவர் பக்கமே பேசினேன். நிறுத்திவிடு, பேஜார் வேண்டாம் என்றேன். மனசாட்சியை விற்று நாற்காலி வாங்குகிறவனைப் பற்றி நாடகம் எழுதிவிட்டு, நாற்காலிக்காக அந்த நாடகத்தையே நிறுத்தினால் என்னைவிடக் கேவலமானவன் உண்டா நைனா என்று நீ கேட்டாய். உன்னைவிடக் கேவலமான ஒருவன் உன் எதிரிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது உனக்குத் தெரியாது. அதை இப்போது சொல்கிறேன்.

நீயும் ஜமாலும் மதராஸில் எம்.ஏ. படித்த காலம். லீவு விட்டால் அவன் பழவேற்காட்டில் அவர்கள் கருவாட்டுக் கடைக்குப் போவதற்கு முன்னால் நம் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். ஒரு லீவில் ஆரம்பாக்கத்தில் கூலிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நெல் அறுப்புக்குக் கூலி உயர்த்த வேண்டும் என்று கூட்டம். நீ அங்கே போய்க் கால் மணி நேரம் பேசினாய். ஜமால் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்று சாயந்திரமே எனக்குத் தெரியும். டியூட்டிக்குப் போயிருந்த கான்ஸ்டபிள் திரும்பி வந்து என் காதில் சொன்னார்: "ரைட்டரே, ஒம் புள்ள சோக்கா பேசறாம்பா. நான் பேரு போடல." கூட்டக் குறிப்பில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மதராஸ் வண்டியில் வந்த கல்லூரி மாணவன் ஒருவன், ஒல்லி, கண்ணாடி அணிந்தவன், பெயர் தெரியவில்லை. அந்தத் தாளை நான்தான் கோப்பில் கோத்தேன். கோக்கும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் அப்பா அதே ஆரம்பாக்கத்து வயல்களில் அடுத்தவன் நெல்லை அறுத்துச் செத்தவர். அவர் பேரன் அங்கே மேடையேறிக் கூலி கேட்டிருக்கிறான். அந்தப் பெருமை வீடு வந்து சேர்வதற்குள் பயமாகிவிட்டது. அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு, கேள்விப்பட்டேனடா என்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. 'ஒழுங்காகப் படி' என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். நான் செய்த தப்புகளில் முதலாவது அது.

நீங்கள் இருவரும் ஒரே சமயத்தில் சர்க்கார் கல்லூரி வேலைக்கு மனுப் போட்டீர்கள். அந்த வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால், இவன் எப்படிப்பட்டவன், அரசியல் சகவாசம் உண்டா என்று கேட்டு ஸ்டேஷனுக்கு ஒரு படிவம் வரும். இரண்டு படிவமும் ஒரே வாரத்தில் என் மேஜைக்கு வந்தன. சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒன் புள்ளயப் பத்தி நான் இன்னா எழுதறது. நீயே எழுதிக்கினு வா, கையெழுத்துப் போடறேன்" என்றார். பாதகமாக ஏதும் இல்லை என்று இரண்டிலும் எழுதி வைத்தேன். கையெழுத்து ஆவதற்கு முந்தின நாள் ஜில்லா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினார். அந்தத் தாளில் விரலை வைத்தார். "இந்தப் பக்கத்துல காலேஜ் வேலைக்கு மனுப் போட்டவங்க ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் கண்ணாடி. ரெண்டு பேரும் ஒல்லி. ஒருத்தர் உங்க பையன். ஏன் ரைட்டர், ரெண்டு பேர்ல யாரு?" என்றார். மிரட்டவில்லை. எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவுவதை நிறுத்தவில்லை.

"பழவேற்காட்டுப் பையன், சார்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டினார், நான் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஜமாலுக்கு வேறு படிவம் எழுதினேன்: தீவிரக் கட்சிக்காரர்களின் கூட்டத்தில் பேசியவர். சப்-இன்ஸ்பெக்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இப்போது உன் நாடகத்துக்கு வருகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய், நாலாம் காட்சியில் மாணவர்கள் பேசிக்கொள்வதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் அந்த மூன்றாம் காட்சி தப்பு. சரித்திரத் துறைத் தலைவர் பதவிக்கு ஆசைப்படும் உன் பேராசிரியர், நண்பனைக் காட்டிக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கம் வசனம் பேசுகிறார். வானத்தைப் பார்க்கிறார், நெற்றியைத் துடைக்கிறார், மனசாட்சியோடு மல்லுக்கு நிற்கிறார். போலீஸ் விசாரணை எப்படி நடக்கும் என்று எழுதிக் கொடுங்கள் நைனா என்று நீதான் கேட்டாய். எழுதிக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். இரண்டு பக்கம் வேண்டாம். மூன்று வார்த்தை போதும். வியர்க்காது. கை நடுங்காது. அன்றைக்கு நான் சீவிய பென்சில் முனைகூட உடையவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்று உன் நாடகத்தில் இல்லை, விளக்கை அணைத்துத் திரையைப் போட்டுவிட்டாய். அதையும் சொல்கிறேன். வீட்டுக்குப் போவான், கைகால் கழுவுவான், சாப்பிடுவான். அன்று காலையில்தான் ஜமாலின் அம்மா, பொன்னேரி வரும் ஆளிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகப் போகிறார்களே என்ற சந்தோஷத்தில் அனுப்பியது. உன் அம்மா கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. இந்த ஐந்து வருஷத்தில் என்னைப் பிடித்து ஆட்டுகிற பயம் அதுதான். போலீஸ் பயம் அப்புறம் வந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பசித்ததே, தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லையே, அப்படியானால் நான் யார் என்கிற பயம்.

எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவனுக்குக் கடை இருக்கிறது, தோணி இருக்கிறது, நாலு தலைமுறையாக வியாபாரம் இருக்கிறது. என் பிள்ளைக்கு என்ன இருக்கிறது, இந்த வேலை போனால் அவன் தாத்தா விட்டுப்போன அரிவாள்தானே என்று சொல்லிக்கொண்டேன். ஒரு தடவைதானே, அடுத்த வருஷம் வேறு கல்லூரியில் கிடைத்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை கோப்பில் ஏறிய வரி அங்கேயேதான் இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அடுத்த வருஷம் அவன் வேறு கல்லூரிக்குப் போட்டான். படிவம் வந்தது. பழைய கோப்பைப் பார்த்து அதே வரியை நானே திரும்ப எழுதினேன். அதற்கடுத்த வருஷமும் எழுதினேன். கடைசித் தடவை எழுதியபோது எனக்குப் பென்ஷனுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அப்போதாவது அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாம். புதிதாக ஒன்று எழுதினால் முன்னே எழுதியது பொய் என்று ஆகிவிடும், அப்புறம் உண்மையில் பேசியது யார் என்று தோண்டுவார்கள் என்று பயந்தேன். உன்னைவிட அதிக மார்க் வாங்கியவன் அவன். ஏன் வேலை கிடைக்கவில்லை என்று இன்றுவரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ராசி இல்லை மாமா என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

போன மாதம் நீ நாடகப் புத்தகத்தை அவனிடம்தான் கொடுத்தனுப்பினாய். வந்தவனை உன் அம்மா சாப்பிட உட்கார வைத்தாள். சாப்பிட்ட பிறகு, "மாமா, நீங்க புக்கைப் பாத்துக்கினு சொல்லுங்க, நான் மனப்பாடம் ஆயிடுச்சான்னு பாக்கறேன்" என்று கூடத்தில் நின்றுகொண்டான். நீ அவனுக்குக் கொடுத்திருப்பது காட்டிக் கொடுக்கிறவனின் வேஷம். காட்டிக் கொடுக்கப்பட்டவனாக நீ நடிக்கிறாய். அவன் குரல் கணீர் என்றிருக்கும், அதனால் கொடுத்தேன் என்று சொன்னாய். அவன் என் முன்னால் நின்று, என் மாதிரி ஒருவனாக, நண்பனின் பெயரைச் சொன்னான். நான் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நாடகத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகு எத்தனையோ நாடகத்துக்கு முன்வரிசையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததைத்தான் பேசுகிறார்களா என்று வரிக்கு வரி டிக் போட்டவன் நான். அன்றைக்கு என்னால் வரியைப் பின்தொடரவே முடியவில்லை. அவன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்: "மாமா, ஒரு டவுட்டு. இந்த ஆளு காட்டிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயி இன்னா பண்ணுவான்? அழுவானா, பொண்டாட்டியாண்ட சொல்லுவானா? எனக்கு அது தெரிஞ்சாத்தான் இவன் மூஞ்சி எப்டி இருக்கும்னு புடிபடும்." எனக்குத் தெரியாதுப்பா என்றேன். "நீங்க எத்தினி பேரப் பாத்திருப்பீங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அந்தக் குடைக்காரன் கேட்டபோது என் நாக்கு நுனியில் நின்ற பதிலை விழுங்க வைத்தது என் வீரம் இல்லை. எனக்கு வீரம் கிடையாது, உனக்கே தெரியும், ரயில் ஊதினால்கூட பிளாட்பாரத்தில் இரண்டு அடி பின்னால் போய் நிற்பவன் நான். ஜமால் கூடத்தில் நின்று கேட்ட அந்தக் கேள்விதான். மறுபடியும் அவன் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயம் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் உன் பெயரைச் சொன்னேன். ஒன்றைக் கவனித்திருப்பாய். முதல் தடவை உன்னைக் கேட்காமல் உன்னைக் காப்பாற்றினேன். இரண்டாம் தடவை உன்னைக் கேட்காமல் உன்னை மாட்டிவிட்டேன். இரண்டு தடவையும் உன் வாழ்க்கையை என் மேஜைமேல் இருக்கும் காகிதம்போல நானே எடுத்து வைத்துக்கொண்டேன். இதற்கு நீ என்ன திட்டினாலும் தகும். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அவனுக்காக நீ ஒன்று செய்யப்போகும்போது, இதை அவனிடம் சொல்லிவிட்டுச் செய்ய முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள். சொல்ல முடியாது என்றால் செய்யாதே. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கேட்டு நடக்காத புத்தி.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த வேலையில் இருந்தவன் ஆயிற்றே. அவன் நோட்டில் எழுதியது ஜில்லா ஆபீஸுக்குப் போகும். அங்கே பழைய கோப்பை எடுப்பார்கள். உன் பிரின்ஸிபாலுக்கு ஒரு கடிதம் வரும். உத்தரவு நிற்கலாம், வேலையே போகலாம். நாடகத்துக்கு அனுமதி கிடைக்காமலும் போகலாம். இதையெல்லாம் எழுதும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். தபால்காரர் காக்கிச் சட்டையில் வருவது இத்தனை நாள் என் கண்ணில் பட்டதே இல்லை, இப்போது படுகிறது. உன் அம்மா எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லிவிட்டு அவளுக்குச் சொல்கிறேன்.

மூன்றாம் காட்சியைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு மேஜை, ஒரு பென்சில், எதிரே காபி குடிக்கும் ஓர் அதிகாரி. உன் இரண்டு பக்க வசனத்தை அடித்துவிட்டேன். நாடகத்தில் பெயரைச் சொல்பவன் பேராசிரியராக இருக்க வேண்டாம். வேலைக்கு மனுப் போட்டிருக்கும் பையனின் அப்பாவாக இருக்கட்டும். பெயரைச் சொன்ன பிறகு திரை போடாதே. அவன் வீட்டுக்கு வரட்டும், மனைவி சோறு போடட்டும், அவன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும். ஜமாலுக்கு அந்த மூஞ்சி இப்போது பிடிபட்டுவிடும்.

எழுத்து ஏன் அழுத்தமாக இருக்கிறது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? பழக்க தோஷத்தில், எழுத உட்காரும்போதே தாளுக்கு அடியில் கார்பனையும் அதற்கு அடியில் இன்னொரு தாளையும் வைத்துவிட்டேன். ஸ்டேஷனில் எதை எழுதினாலும் இரண்டு பிரதி. முதல் பாராவிலேயே கவனித்தேன், எடுத்துவிடலாம் என்று கையும் போனது. எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் கீழேயும் நன்றாக விழ வேண்டும் என்று அழுத்தி எழுதியிருக்கிறேன். மேல் தாள் உனக்கு. இன்று மத்தியானத் தபாலில் போட்டுவிடுவேன். கீழ்த் தாள் ஜமாலுக்கு. நாளைக் காலை முதல் வண்டியில் பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் போய், கடையில் வைத்தே அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். கீழே என் கையெழுத்தும் இருக்கும். அதை அவன் எந்த ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் செல்லும். அப்படி அவன் போனால், ஆரம்பாக்கத்தில் பேசியது நீ என்பதும் தெரிந்துவிடும். அதையும் தெரிந்துதான் கொடுக்கிறேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்கிறேன், ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டுச் செய்கிறேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, தம்பி.

நீ இதைப் படிக்கிற நேரத்துக்கு அவனும் படித்திருப்பான். சனிக்கிழமை நீ கவரைப்பேட்டைக்கு டிக்கெட் எடுக்காதே. பொன்னேரியிலேயே இறங்கி முதலில் அவனிடம் போ. நான் எப்போதும்போல ரயிலடிக்கு வந்து நிற்பேன். வண்டி வந்து, எல்லாரும் இறங்கி, நீ மட்டும் இறங்கவில்லை என்றால், கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

உன் நைனா